நெஞ்சு படபடப்பு... மூச்சு முட்டல்... மரண பயம்! - பேனிக் அட்டாக்கை அடையாளம் காண்பது எப்படி, கடப்பது எப்படி?

திடீரென்று நெஞ்சு படபடவென அடிக்கும். மூச்சு முட்டும். கை, கால் உதறும். 'எனக்கு என்னமோ பண்ணுது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்வதற்குள் வியர்வையில் உடை நனைந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஒருவர் சோடா வாங்கி வருவார். 'வாயுப் பிடிப்பா இருக்கும், கொஞ்சம் ஓமத்தை மெல்லு' என்பார் அப்பத்தா. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது பாதி சரியாகியிருக்கும். இ.சி.ஜி எடுப்பார்கள். பார்த்துவிட்டு, 'நார்மலா இருக்கு. ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்' என்பார் டியூட்டி டாக்டர்.

அந்த 'ஒண்ணும் இல்லை'யில்தான் பலருக்குப் பிரச்னையே ஆரம்பிக்கிறது. ஒன்றும் இல்லையென்றால், செத்துவிடுவோம் என்று தோன்றியது ஏன்? மறுபடி வந்தால் என்ன செய்வது?

அடுத்த வாரம் பேருந்தில் வரும். அதன் பிறகு பேருந்து ஏறவே பயமாக இருக்கும். புதுக்கோட்டையில் எடுத்த இ.சி.ஜி போதாதென்று திருச்சிக்குப் போய் எக்கோ, டிரெட்மில் என்று எல்லாம் பார்ப்பார்கள். ஃபைல் தடித்துக்கொண்டே போகும். ரிப்போர்ட் எல்லாவற்றிலும் 'நார்மல்'. கடைசியில் யாராவது, 'காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சு ஒரு கயிறு கட்டிப் பாருங்க' என்பார்கள். இதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சந்தைக்குப் போவது நின்று, விசேஷங்களுக்குப் போவது நின்று, தனியாக வாசல் தாண்டுவதே நின்றுபோயிருக்கும்.

உண்மையில் வந்தது 'ஒண்ணும் இல்லாத' விஷயம் இல்லை. அதற்குப் பெயர் உண்டு: பேனிக் அட்டாக். காரணம் உண்டு, சிகிச்சையும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சிகிச்சை கட்டணமில்லாமல் பக்கத்திலேயே கிடைக்கிறது.

காளையே இல்லாத வாடிவாசல்

வாடிவாசல்களுக்குப் பெயர் பெற்றது புதுக்கோட்டை மாவட்டம். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்றாலே தச்சங்குறிச்சியின் பெயர்தான் அடிபடும். தடுப்புக்கு வெளியே நிற்கும் ஒருவரை நோக்கி ஒரு காளை திமிறிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யோசித்து முடிவெடுக்கவெல்லாம் அவருக்கு நேரம் இருக்காது. மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற பகுதி அபாய மணியை அடித்துவிடும். அட்ரினலின் சுரக்கும். ஓடுவதற்குக் கால் தசைகளுக்கு ரத்தம் வேண்டும் என்பதால் இதயம் வேகமாகத் துடிக்கும். கூடுதல் ஆக்ஸிஜனுக்காக மூச்சு வேகமெடுக்கும். உடம்பு சூடேறாமல் இருக்க வியர்க்கும். செரிமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வயிறு வேலையை நிறுத்துவதால் குமட்டும். இத்தனையும் உயிரைக் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு.

பேனிக் அட்டாக்கில் நடப்பதும் இதேதான். ஒரே வித்தியாசம், எதிரே காளை இல்லை. தேவையே இல்லாத நேரத்தில் அபாய மணி அடித்துவிடுகிறது. ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் பேருந்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு, ஓடுவதற்கான அத்தனை ஏற்பாடுகளையும் செய்துவிடுகிறது.

மூச்சு முட்டுவதாகத் தோன்றுவதால் பலரும் இன்னும் வேகமாக மூச்சை இழுப்பார்கள். அப்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறிக் குறையும். அதனால்தான் தலை கிறுகிறுக்கிறது. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றிலும் மரத்துப்போகிறது. சிலருக்கு விரல்கள் இழுத்துக்கொள்வதுபோல மடங்குவதும் இதனால்தான். காற்று போதவில்லை என்று தோன்றினாலும், மூச்சை அதிகமாக வாங்குவதுதான் இங்கே பிரச்னை.

அறிகுறிகள் என்னென்ன?

பேனிக் அட்டாக்குக்கு 13 அறிகுறிகளை மருத்துவ உலகம் பட்டியலிட்டிருக்கிறது. இவற்றில் நான்கோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் திடீரென வந்து, சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டால் அது பேனிக் அட்டாக்.

- நெஞ்சு படபடப்பு
- வியர்வை
- உடம்பு நடுக்கம்
- மூச்சு வாங்குதல்
- தொண்டையை அடைப்பதுபோன்ற உணர்வு
- நெஞ்சில் வலி அல்லது அசௌகரியம்
- குமட்டல், வயிற்றைப் பிரட்டுதல்
- தலைசுற்றல், மயக்கம் வருவதுபோல இருப்பது
- குளிர் நடுக்கம் அல்லது உடம்பெல்லாம் சூடு பரவுவது
- மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு
- சுற்றி நடப்பது எதுவும் நிஜமில்லாததுபோல, தான் தனக்கே அந்நியமானதுபோலத் தோன்றுவது
- பைத்தியம் பிடித்துவிடுமோ, கட்டுப்பாட்டை இழந்துவிடுவோமோ என்ற பயம்
- செத்துவிடுவோம் என்ற பயம்

பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், 20, 30 நிமிடங்களில் இறங்கிவிடும். அனுபவிப்பவருக்கோ அது ஒரு யுகம்போல இருக்கும்.

வாழ்க்கையில் ஓரிரு முறை இப்படி வந்துவிட்டுப் போவது பலருக்கும் நடப்பதுதான். அதற்காகவே சிகிச்சை தேவை என்றில்லை. காரணமே இல்லாமல் திரும்பத் திரும்ப வந்து, 'மறுபடி வந்துடுமோ' என்ற கவலையிலோ, அதற்குப் பயந்து பழக்கவழக்கங்களை மாற்றிக்கொண்டோ ஒரு மாதத்துக்கு மேல் கழிந்தால், அது 'பேனிக் டிஸ்ஆர்டர்' என்ற நோய். அப்போது சிகிச்சை அவசியம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது சுமார் இரண்டு மடங்கு அதிகம். பதின்பருவத்தின் கடைசியிலோ, இருபதுகளிலோ தொடங்குவது வழக்கம்.

மாரடைப்பா, பேனிக் அட்டாக்கா?

மாரடைப்பில் நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவதுபோல, இறுக்கிப் பிழிவதுபோல வலி இருக்கும். இடது கை, தோள்பட்டை, தாடை, முதுகுக்குப் பரவலாம். நடந்தால், படியேறினால் கூடும். நேரம் ஆக ஆகக் குறையாது. பேனிக் அட்டாக்கில் வலி பெரும்பாலும் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தும். உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும்கூட வரும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கும்.

ஆனால், இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் மாரடைப்பு பெரிய வலியே இல்லாமல், வெறும் மூச்சு வாங்கலும் வியர்வையும் களைப்புமாக வரலாம். மாரடைப்பை 'கேஸ்' என்று நினைத்து சோடா குடித்து உயிரை விட்டவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. அதனால் விதி எளிமையானது. முதல் தடவை இப்படி வந்தால், எந்த வயதானாலும் மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி எடுத்துவிட வேண்டும். 40 வயதைக் கடந்தவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் இருப்பவர்கள், குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள் கொஞ்சமும் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஏற்கெனவே பேனிக் அட்டாக் உள்ளவருக்கே, வழக்கத்துக்கு மாறான வலி வந்தாலும் அப்படித்தான்.

பேனிக் அட்டாக்கைப்போலவே தோற்றமளிக்கும் உடல் பிரச்னைகளும் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தச்சோகை, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குவது, இதயத் துடிப்பின் லயம் தப்புவது, ஆஸ்துமா போன்றவை. டீ, காபி அளவுக்கு மீறினாலும், தினமும் குடித்துப் பழகியவர் மதுவைத் திடீரென நிறுத்தினாலும், கஞ்சா பழக்கத்தாலும் இப்படி வரலாம். எனவே, இ.சி.ஜி-யுடன் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளை ஒரு முறை செய்துகொள்வது நல்லது.

'ஒரு முறை' என்பது முக்கியம். எல்லாம் நார்மல் என்று உறுதியான பிறகும் மாதம் ஒரு இ.சி.ஜி எடுப்பது நிம்மதியைத் தராது. 'இந்த மெஷின் சரியில்லையோ' என்ற அடுத்த சந்தேகத்தைத்தான் தரும்.

'சிப்பாய் இதயம்' முதல் இன்று வரை

இந்தக் குழப்பம் இன்று நேற்று தொடங்கியதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வீரர்கள் பலர் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சு வாங்கல் என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை. அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்த ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், 1871-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். 'சிப்பாய் இதயம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதன் பிறகு 100 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடு 'பேனிக் டிஸ்ஆர்டர்' என்று இதைத் தனி நோயாகப் பட்டியலிட்டது.

உடல் பலம் உள்ளவர்களுக்கு வராது என்பதும் உண்மை இல்லை. அமெரிக்காவின் பிரபல கூடைப்பந்து வீரர் கெவின் லவ், 2017 நவம்பர் 5-ம் தேதி ஆட்டத்தின் நடுவே மூச்சு முட்டி, இதயம் தாறுமாறாகத் துடிக்க, மைதானத்தை விட்டு ஓடினார். மருத்துவமனையில் எல்லா பரிசோதனைகளும் நார்மல். வந்தது பேனிக் அட்டாக் என்று 2018 மார்ச்சில் அவரே வெளிப்படையாக எழுதினார். 'என்கிட்டயா இது?' என்று கூசி மறைத்துக்கொண்டிருந்த பலருக்கு அது தைரியம் கொடுத்தது.

யாருக்கு, ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். நெருங்கியவரின் மரணம், பிரசவம், கடன், மணமுறிவு, பொதுத்தேர்வு, வேலை இழப்பு போன்ற நெருக்கடிகளையொட்டி முதல் அட்டாக் வருவதுண்டு. சில நேரம் நெருக்கடியெல்லாம் முடிந்து, 'அப்பாடா' என்று உட்காரும்போது வரும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று சில பாரங்கள் இருக்கின்றன. கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, குழந்தைகள், மாமனார், மாமியார், வட்டிக்கணக்கு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் பெண்கள் இங்கே நிறைய. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பகுதிகளில் கடலுக்குப் போனவர் கரை திரும்பும் வரை வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் பிள்ளைபோல வளர்த்த தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. இதுபோன்ற பேரிழப்பைக் கண்டவர்களுக்கு, பிறகு பலத்த காற்றுச் சத்தம் கேட்டாலே உடம்பின் அபாய மணி அடிக்கலாம். அப்படி ஒரு குறிப்பிட்ட நினைவோடு சேர்ந்து வரும் பதற்றத்தை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அதற்கான சிகிச்சைமுறை கொஞ்சம் வேறு.

தூக்கத்திலும் பேனிக் அட்டாக் வரும். நடுராத்திரியில் மூச்சு முட்டி, துள்ளி எழுந்து உட்கார்வார்கள். இதை நம் ஊரில் 'அமுக்குவான் பேய்' என்று சொல்வதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அமுக்குவானில் விழிப்பு வந்தும் கை காலை அசைக்க முடியாது. அதற்கு 'ஸ்லீப் பராலிசிஸ்' என்று பெயர். தூக்கமும் விழிப்பும் சரியாகப் பிரியாத சில நொடிகள் அவை. இரண்டிலும் பேய்க்கு வேலை இல்லை.

பயத்தைப் பற்றிய பயம்

பேனிக் அட்டாக் உயிரை எடுப்பதில்லை. ஆனால், வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். எப்படி என்பதை 1986-ல் விளக்கினார் இங்கிலாந்து உளவியல் நிபுணர் டேவிட் கிளார்க். படியேறியதாலோ, டீ குடித்ததாலோ இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்' என்று மனம் அர்த்தம் செய்துகொள்கிறது. அந்தப் பயத்தால் இன்னும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் இன்னும் வேகமெடுக்கிறது. 'பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்' என்கிறது மனம். இந்தச் சக்கரம்தான் சில நிமிடங்களில் ஒருவரை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது.

அடுத்து நடப்பதுதான் இன்னும் மோசம். பேருந்தில் வந்ததென்று பேருந்தை விடுவார்கள். கூட்டத்தில் வந்ததென்று கோயில் திருவிழாவை விடுவார்கள். தனியாக இருக்கும்போது வந்ததென்று எப்போதும் துணைக்கு ஆள் தேடுவார்கள். விட்டு விலகும்போது உடனே நிம்மதி கிடைக்கும். 'இறங்கினதாலதான் பொழைச்சேன்' என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். இறங்காமல் இருந்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் சரியாகியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே மூளைக்குக் கிடைக்காது. அதனால் பயம் அப்படியே தங்கிவிடும். கல்லூரியை, வேலையை விட்டவர்கள்கூட உண்டு. வீட்டில் உள்ளவர்கள் அதை 'சோம்பேறித்தனம்', 'நடிப்பு' என்று சொல்லும்போது காயம் இன்னும் ஆழமாகும்.

இதிலிருந்து வெளியே வரும் வழி, விட்டதைப் படிப்படியாகத் திரும்பப் பிடிப்பது. புதுக்கோட்டைக்கு இது புதிய பாடமும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதன் மூலம் அது நாடு முழுக்கத் தெரிந்தது. ஊர் என்ன சொல்லுமோ, விழுந்துவிடுவோமோ என்ற பயம் அந்தப் பெண்களுக்கும் இருந்தது. பயம் போன பிறகு சைக்கிளில் ஏறலாம் என்று காத்திருந்தால் ஒருவரும் ஏறியிருக்க முடியாது. பயத்தோடு ஏறி ஓட்டியதால்தான் பயம் போனது.

மனநல சிகிச்சையில் செய்வதும் இதைத்தான். உதாரணமாக, பேருந்துப் பயத்துக்கு இப்படி ஓர் ஏணி போடலாம்.

1. பேருந்து நிலையத்துக்குப் போய் 15 நிமிடங்கள் சும்மா நின்றுவிட்டு வருவது.
2. டவுன் பஸ்ஸில் ஒரு ஸ்டாப் போய் இறங்குவது.
3. துணையோடு கீரனூர் வரை போய் வருவது.
4. தனியாகக் கீரனூர் போய் வருவது.
5. தனியாகத் திருச்சி வரை போய் வருவது.

ஒரு படியில் பதற்றம் நன்றாகக் குறையும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நடுவில் அட்டாக் வந்தாலும், முடிந்தவரை அது அடங்கிய பிறகே இறங்க வேண்டும். உடலில் கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, அவருடைய வழிகாட்டலோடு இதைத் தொடங்குவது நல்லது.

அட்டாக் வரும்போது என்ன செய்யலாம்?

(இதயப் பிரச்னை இல்லை என்று ஏற்கெனவே உறுதி செய்துகொண்டவர்களுக்கு)

- பெயர் சொல்லுங்கள். 'இது பேனிக் அட்டாக். முன்னாடியும் வந்தது, போனது. இப்பவும் போயிடும்' என்று மனதுக்குள் சொல்லுங்கள்.
- வெளிமூச்சை நீட்டுங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். வயிற்றில் கை வைத்துக்கொண்டால், வயிறு உப்பி இறங்குவது தெரியும். பெரிது பெரிதாக மூச்சை இழுக்க வேண்டாம்.
- சுற்றிலும் கவனியுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்கள், தொட்டு உணரும் நான்கு, காதில் விழும் மூன்று, மூக்குக்குத் தெரியும் இரண்டு வாசனைகள், நாக்கில் ஒரு சுவை என்று வரிசையாக அடையாளம் காணுங்கள். உடம்புக்குள்ளேயே சுற்றும் கவனம் வெளியே வரும்.
- சண்டை போடாதீர்கள். 'நின்னுடு, நின்னுடு' என்று போராடினால் கூடும். அலை ஏறுகிறது, இறங்கும் என்று விட்டுவிடுங்கள்.
- வண்டியை நிறுத்துங்கள். டூவீலரோ காரோ ஓட்டும்போது வந்தால் ஓரமாக நிறுத்தி, அடங்கிய பிறகு கிளம்புங்கள்.

சினிமாவில் வருவதுபோல பேப்பர் கவருக்குள் மூச்சு விடுவது வேண்டாம். வந்தது ஆஸ்துமாவாகவோ இதயப் பிரச்னையாகவோ இருந்தால் அது ஆபத்து.

மயங்கி விழுந்துவிடுவோம் என்பது பலருடைய பெரிய பயம். மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பேனிக் அட்டாக்கில் அது பெரும்பாலும் ஏறவே செய்யும். அதனால் மயங்கி விழுவது அபூர்வம். நிஜமாகவே மயங்கி விழுந்தால், காரணம் வேறாக இருக்கலாம். பரிசோதிக்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு...

சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். கூடவே உட்காருங்கள். 'நான் இங்கதான் இருக்கேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். என்கூடச் சேர்ந்து மெதுவா மூச்சு விடு' என்று நிதானமான குரலில் சொல்லுங்கள். 'ஒண்ணும் இல்லை', 'தைரியமா இரு', 'எல்லாம் உன் நினைப்புதான்' போன்றவை உதவாது. அவர் அனுபவிக்கும் படபடப்பு நிஜம். முகத்தில் தண்ணீரை அடிப்பது, உலுக்குவது, வேப்பிலை அடிப்பது எதுவும் வேண்டாம். குலதெய்வத்தைக் கும்பிடுவது நம்பிக்கை தரும் என்றால் கும்பிடலாம், தவறே இல்லை. அதோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் கூட்டிப்போக வேண்டும்.

எல்லா இடத்துக்கும் துணைக்குப் போவது பாசம்தான். ஆனால், நாளடைவில் அதுவே அவரைத் தனியாகப் போக விடாமல் செய்துவிடும். ஏணியின் படிகளில் கூடப் போய், மெதுவாக விலகிக்கொள்வதுதான் உண்மையான உதவி.

சிகிச்சை என்ன?

பேனிக் டிஸ்ஆர்டர், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் மனநலப் பிரச்னைகளில் ஒன்று. இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சி.பி.டி என்ற பேச்சு சிகிச்சை. படபடப்புக்கு மனம் கொடுக்கும் தவறான அர்த்தத்தை மாற்றவும், விலகி ஓடும் பழக்கத்தைக் கைவிடவும் பயிற்சி தருவார்கள். வாரம் ஒரு முறை என்ற கணக்கில் சில மாதங்கள் தேவைப்படலாம். பாதுகாப்பான சூழலில் படியேறி ஓடவைத்து, சுழல் நாற்காலியில் சுற்றவைத்து, வேண்டுமென்றே படபடப்பையும் கிறுகிறுப்பையும் வரவழைத்து, 'இதனால் ஒன்றும் ஆகாது' என்று உடம்புக்கே புரியவைக்கும் பயிற்சியும் இதில் உண்டு.

இரண்டாவது, மாத்திரை. எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மாத்திரைகள் பழக்கத்துக்கு அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள்களில் படபடப்பு கொஞ்சம் கூடுவதுபோலத் தெரியலாம். அதைப் பார்த்து நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்டு, மருத்துவர் சொல்லும்போது படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

உஷாராக இருக்க வேண்டியது அல்பிரசோலம், குளோனாசெபம் போன்ற மாத்திரைகளிடம். உடனே அமைதி தரும் என்பதால், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. நாள்பட்டால் இவற்றுக்கு உடம்பு பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகும், வலிப்பும் வரலாம். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்களுக்கு மட்டுமே எடுக்க வேண்டும். பதற்றத்தை அடக்க மது குடிப்பதும் இதே கதைதான். இரவு அடங்கும், காலையில் இரு மடங்காகத் திரும்பும்.

இவற்றோடு ஒழுங்கான தூக்கம், தினமும் அரை மணி நேர நடை, டீ, காபி அளவைக் குறைப்பது ஆகியவையும் கைகொடுக்கும். ஒரு நோட்டில் அட்டாக் வந்த தேதி, நேரம், இடம், அப்போது மனதில் ஓடிய எண்ணம், எத்தனை நிமிடம் நீடித்தது என்று எழுதி வைத்தால் மருத்துவருக்கும் உதவும். 'எத்தனை முறை வந்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பதற்கு உங்கள் கையெழுத்திலேயே சாட்சியும் இருக்கும்.

எங்கே போவது?

உலக அளவில் 2019-ல் 30 கோடிக்கும் அதிகமானவர்கள் பதற்றம் சார்ந்த நோய்களோடு வாழ்ந்ததாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வும், பெரும்பாலான மனநலப் பிரச்னைகளில் 70 சதவிகிதத்துக்கும் மேலானவர்கள் சிகிச்சைக்கு வெளியே இருப்பதைச் சுட்டிக்காட்டியது. காரணங்களில் ஒன்று, எங்கே போவது என்று தெரியாதது. இன்னொன்று, 'மனநலப் பிரிவுக்குப் போனால் ஊர் என்ன பேசும்' என்ற தயக்கம்.

- புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: 2017-ல் தொடங்கப்பட்டது. மனநலப் பிரிவில் ஆலோசனையும் மாத்திரையும் இலவசம்.
- மாவட்ட மனநலத் திட்டம்: இந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு, குறிப்பிட்ட நாள்களில் வட்டார அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கு வந்து சிகிச்சை தருவது நடைமுறை. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, இலுப்பூர் என எந்தப் பகுதியில் இருப்பவர்களும், எந்தக் கிழமை வருகிறார்கள் என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் விசாரித்துக்கொள்ளலாம்.
- 14416: டெலி மானஸ் இலவசத் தொலைபேசி சேவை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வாசல் தாண்டவே பயப்படுபவர்களுக்கு முதல் படி இதுவாக இருக்கலாம். 'வாழ்ந்து என்ன பயன்' என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் அழைக்க வேண்டிய எண்ணும் இதுதான்.
- 104: தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
- 108: நெஞ்சுவலியில் சந்தேகம் இருந்தால், முதலில் இது.

ஊர் பேச்சுக்குப் பயப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கோருவது உங்கள் உரிமை. உடல் நோய்களுக்கு இணையாக மனநல சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்ற பிறகும் தடித்த ஃபைலோடு அலைந்துகொண்டிருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். பேருந்து ஏறுவதை நிறுத்திவிட்ட ஒரு பெண்ணோ, கல்லூரிக்குப் போக மறுக்கும் ஒரு பையனோ இருக்கக்கூடும். 'ஒண்ணும் இல்லை' என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். 'இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு' என்று சொல்லுங்கள். அந்த 14416-ஐ அவர்களுடைய போனில் சேமித்துக் கொடுங்கள்.